பிறந்தகம் தேடிய முந்திரிகைக் கொடி

பிறந்த ஊரிலே பெயர் மறக்கப்பட்டு, புகுந்த ஊரிலே பெரும் புகழெய்திய மனிதரைப் பற்றி நாம் கேள்வியுற்றிருக்கின்றோம். அவர் இன்னார் மகன், இன்ன ஊரவர் என்பதை அறிந்தோர் ஒருவரேனும் எஞ்சாத காலத்திலே, பேரப்பிள்ளைகள் பழைய உறுதிகளைப் புரட்டியும் முதியோரை விசாரித்தும் தம் பாட்டனாரின் பிறந்தகத்தைத் தேடி அலைவதுமுண்டு. மரஞ்செடி கொடிகளுக்கும் இத்தகைய விதி நேர்தல் கூடும். அவ்வாறு ஒரு முந்திரிகைக் கொடிக்கு நேர்ந்ததையும், நூறாண்டுக்கு மேலாக விடை காணாதிருந்த அதன் பிறப்பிடம் 2001-ஆம் ஆண்டிலே ஒன்பதே ஒன்பது கொடிகளாற் புலப்பட்டதையும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முந்திரிகை என நாம் குறிப்பது திராட்சையையே. யாழ்ப்பாணத்தார் திராட்சையை முந்திரிகை என்றும், கொட்டை தரும் மரத்தை மரமுந்திரிகை என்றும் வேறுபடுத்தி வழங்குவர். நாம் கூறப்போகும் கொடியின் கனி, உண்பதற்கன்றி வைன் என்னும் மதுவை ஆக்குவதற்கே பெரிதும் பயன்படுவது. மதுவைப் புகழ்தல் நமது நோக்கமன்று. ஒரு பயிரின் வம்சம் எவ்வாறு காக்கப்படுகின்றது, எவ்வாறு கைநழுவிப் போகின்றது என்பதற்கு இக்கொடியின் வரலாறு தக்கதோர் உதாரணமாய் அமைந்துள்ளது. ஆதலினாலேயே இதனை எழுதப் புகுந்தோம்.

விதையால் வளராத வம்சம்

வரலாற்றுக்குட் புகுமுன் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முந்திரிகை விதையை நாட்டினால் முளைக்கும். ஆனால் முளைத்து வருவது தாய்க்கொடியைப் போன்றதாயிராது. தாய் தந்தையரின் குணங்கள் கலந்து, அது புதியதோர் இனமாகவே தோன்றும். ஆகவே ஓர் இனத்தை அப்படியே பேண விரும்பும் விவசாயி விதையை நாடுவதில்லை. கொடியிலே ஒரு துண்டை வெட்டி மண்ணில் ஊன்றுகிறான். அன்றேல் வேறொரு கொடியின் அடிக்கட்டையிலே ஒட்டுகிறான். நம்மவர் கறுத்தக்கொழும்பான் மாமரம் வேண்டுமென்றால் ஒட்டுமாங்கன்று வாங்கி நடுவதும் இதே காரணம் பற்றியதாகும்.

இங்ஙனம் துண்டினின்று துண்டாகப் பெருகிய கொடிகள் யாவும், உண்மையிலே, முதன்முதல் ஒரு விதையினின்று முளைத்த ஒரே கொடியின் பரந்த கிளைகளே. ஓரினம் ஐந்நூறு ஆண்டு வாழ்ந்ததென்றால், அந்த ஐந்நூறு ஆண்டிலும் தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் அதனை வெட்டி நட்டு வந்துள்ளார் என்பதே பொருள். வெட்டி நடும் கை ஓய்ந்துவிடின், இறுதிக் கொடி பட்டுப்போகும் நாளிலே அந்த இனமும் உலகை விட்டு நீங்கும். அதே தாய் தந்தையரை மீண்டும் சேர்த்து வைத்தாலும் பிறப்பது உடன்பிறப்பேயன்றி இறந்துபட்ட இனமன்று.

அமெரிக்காவிலே பெற்ற பேறு

கலிபோர்னியா மாநிலத்திலே ஸின்பண்டல் என்றொரு முந்திரிகை இனம் பல்லாயிரம் ஏக்கரிற் பயிராகின்றது. கருநீல நிறமான அதன் கனிகளிலிருந்து செந்நிற வைன் ஆக்கப்படும். இது அமெரிக்காவுக்கே உரிய இனமென்று அந்நாட்டார் பலர் பெருமை பேசி வந்தனர். ஆயின் தாவரவியலார் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்கக் காடுகளிலே இயற்கையாய் வளரும் முந்திரிகைகள் வேறு. ஸின்பண்டல் ஐரோப்பிய முந்திரிகைச் சாதியைச் சேர்ந்தது. அஃது எங்கிருந்தோ கப்பலேறி வந்திருத்தல் வேண்டும். எங்கிருந்து என்பதே வினா.

ஹங்கேரி தேசத்திலிருந்து குடியேறிய அகொஸ்டன் ஹராஸ்தி என்னும் பிரபுவே அதனைக் கலிபோர்னியாவுக்குக் கொணர்ந்தார் என்ற கதை நெடுங்காலம் வழங்கிற்று. அவருடைய மைந்தர் பரப்பிய இக்கதையைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் பழைய தாள்களைத் துருவி ஆராய்ந்து மறுத்தனர். 1820-களிலே நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் வாழ்ந்த ஜோர்ஜ் கிப்ஸ் என்னும் தோட்டக்காரர், ஒஸ்திரியப் பேரரசின் தலைநகராகிய வியன்னாவிலிருந்து முந்திரிகைக் கொடிகளை வருவித்தார். ஸின்பண்டலும் அவ்வழியாகவே அமெரிக்காவை அடைந்ததென இன்று கருதப்படுகின்றது. 1830-களில் பொஸ்டன் நகரத்தார் கண்ணாடி வீடுகளிலே அதனை வளர்த்து, பழமாகவே உண்டனர். பின்னர் கலிபோர்னியாவிலே பொன் கண்டெடுக்கப்பட, மக்கள் அங்குத் திரண்டனர். 1850-களிலே கொடியும் அவர்களோடு மேற்கே சென்றது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அம்மாநிலத்தின் தலைசிறந்த முந்திரிகைகளுள் ஒன்றாகிவிட்டது.

புகழ் வளர்ந்தது, பிறப்பிடமோ மறைந்தது. வியன்னா ஒரு பேரரசின் தலைநகர். அங்கிருந்த அரச தோட்டத்திற்குப் பல தேசத்துக் கொடிகளும் வந்து சேர்ந்திருக்கும். அவற்றுள் இது எத்தேசத்தது என்பதைக் கூறுவார் இலர்.

கொடியின் குணங்கள்

ஓர் இனத்தை இனங்காண்பதற்கு அதன் குணங்களை அறிதல் வேண்டும். ஸின்பண்டலின் முதற்குணம் விரைவிற் பழுத்தல். இரண்டாவது குணம் சற்று விசித்திரமானது. ஒரே குலையிலே சில கனிகள் நன்கு பழுத்திருக்கும். சில பச்சையாகவே நிற்கும். வேறு சில வற்றி உலர்ந்து வற்றலாகத் தொடங்கியிருக்கும். பச்சைக் கனி பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பழுத்த கனி வற்றிவிடும். வற்றுமுன் பறிப்போமென்றால் பச்சைக் கனியும் கூடவே வந்துவிடும். எந்நாளிற் பறிப்பது என்பது அத்தோட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தீராத தலையிடி.

கனியின் தோல் மெல்லியது. குலையிலே கனிகள் நெருங்கி நிற்பன. ஆதலால் பழுக்கும் பருவத்திலே மழை பெய்தால் நீர் உள்ளே தங்கிக் குலை அழுகிப்போகும். கனியில் வெல்லம் மிகுதியாகச் சேர்வதால் வைனிலும் மதுசாரம் மிகும். நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்து பங்கு வரை ஏறுவதுமுண்டு. முதற்குலைகளுக்குப் பின்னர்ப் பக்கக் கிளைகளிலே இரண்டாவது முறையும் குலை தள்ளுவது இதன் மற்றொரு வழக்கம். பந்தலின்றியே, தடித்த அடிமரமுடைய குட்டைச் செடியாக வளர்த்தல் பழைய முறை. நூறாண்டு கடந்த அத்தகைய செடிகள் கலிபோர்னியாவில் இன்றும் காய்க்கின்றன.

இத்தாலியிற் கிடைத்த இரட்டைப் பிள்ளை

1967-ஆம் ஆண்டிலே ஒஸ்டின் கோஹீன் என்னும் அமெரிக்கத் தாவர நோயியல் அறிஞர் இத்தாலியின் தென்பகுதியாகிய பூலியாவுக்குச் சென்றிருந்தார். அங்கு அவருக்கு அளிக்கப்பட்ட வைன், ஸின்பண்டலை அவருக்கு நினைவூட்டிற்று. எந்த முந்திரிகையிலிருந்து ஆக்கப்பட்டது என வினவினார். பிரிமித்தீவோ என்றனர். கொடியைச் சென்று பார்த்தார். அதுவும் ஸின்பண்டல் போலவே தோன்றியது. துண்டுகளைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்று இரண்டினையும் அருகருகே நட்டு ஒப்பிட்டனர். இலையிலும் குலையிலும் பேதம் காண்டல் அரிதாயிற்று. 1975-ஆம் ஆண்டிலே நொதியங்களைக் கொண்டு செய்த சோதனையும், 1990-களின் முற்பகுதியிலே டி.என்.ஏ. கொண்டு செய்த சோதனையும் இரண்டும் ஒன்றே எனக் காட்டின.

அங்ஙனமாயின் இத்தாலிதான் பிறந்தகமோ? அதுவும் பொருந்தவில்லை. பிரிமித்தீவோ என்றால் முதலிற் பழுப்பது என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் ஜோயா தெல் கொல்லே என்னும் ஊரின் குருவானவர் ஒருவர், மற்றவற்றுக்கு முன்னே பழுக்கும் ஒரு கொடியைக் கவனித்துத் தெரிந்தெடுத்து, அப்பெயரால் வழங்கினார் என்பது பூலியாவின் வரலாறு. அதற்கு முன் அப்பெயர் அங்கில்லை. ஆகவே அமெரிக்காவிலே வளர்ந்தது ஒரு பிள்ளை, இத்தாலியிலே வளர்ந்தது அதன் இரட்டைப் பிள்ளை என்பது தெளிவாயிற்றேயன்றி, வீடு எது என்பது தெளிவாகவில்லை.

பூலியாவுக்கு எதிரே, அத்திரியாத்திக் கடலின் மறுகரையிலே, குரோஷியா தேசத்தைச் சேர்ந்த தல்மாத்தியாக் கடற்கரை உளது. அங்கே பிளாவாட்ஸ் மாலி என்னும் முந்திரிகை பெருவழக்கானது. தல்மாத்தியாவிற் பிறந்து 1958-ஆம் ஆண்டிலே கலிபோர்னியா சென்று, வைன் ஆக்குவதிற் பெயர் பெற்ற மைக் கேர்கிச் என்பவர், ஸின்பண்டலைக் கண்ட நாள்தொட்டு, இது எங்கள் ஊர்ப் பிளாவாட்ஸ் மாலியே என்று சாதித்து வந்தார். நூறாண்டு வாழ்ந்து 2023-ஆம் ஆண்டிலே மறைந்த அவர், பிறந்த மண்ணின் கொடியைத் தம் கண் அறியும் என்று நம்பினார். நம்பிக்கை சரியோ தவறோ என்பதைச் சோதனையே முடிவு செய்தல் வேண்டும்.

கலத்தினுள் எழுதிய வம்சாவளி

அச்சோதனையை மேற்கொண்டவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துப் பேராசிரியை கரோல் மெரிடித். புகழ்பெற்ற கபர்னே சோவிஞொன் என்னும் இனத்தின் தாய் தந்தையர் இன்னவை என்பதை 1997-ஆம் ஆண்டிலே தம் சகாவோடு வெளிப்படுத்தியவர் இவரே. அம்முறையை மாணவர் அறிந்து வைத்தல் நன்று.

உயிரினங்களின் கலங்களிலுள்ள டி.என்.ஏ. என்னும் பொருளிலே, சில இடங்களில் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப அடுக்கி வரும். ஒரு கொடியிலே ஓரிடத்திற் பத்து முறை வருமாயின், வேறோர் இனத்தில் அதே இடத்திற் பதினைந்து முறை வரலாம். இத்தகைய இடங்கள் பலவற்றை எண்ணிக் குறித்துக் கொண்டால் அது அந்த இனத்தின் கைரேகை போலாகும். எல்லா இடங்களிலும் எண்கள் பொருந்தினால் இரண்டும் ஓரினம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்களுள் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தவையாதலால், பெற்றோரையும் பிள்ளையையும் இதே கணக்கினாற் கண்டறியலாம். இலையைப் பார்த்து மயங்கும் கண் போல இக்கணக்கு மயங்குவதில்லை.

1998-ஆம் ஆண்டிலே மெரிடித் தல்மாத்தியாவுக்குச் சென்றார். ஸாகிரெப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவான் பெயிச், எடி மலெத்திச் என்னும் அறிஞர் இருவரும் உடன் சேர்ந்தனர். கடற்கரையோரத்திலும் தீவுகளிலும் தோட்டந்தோட்டமாகத் திரிந்து ஏறக்குறைய 150 கொடிகளின் மாதிரிகளைத் திரட்டினர். சோதித்துப் பார்த்தபோது ஒன்றேனும் ஸின்பண்டலாக இருக்கவில்லை. கேர்கிச்சின் துணிபு பிழைத்தது.

ஆயினும் முழுவதும் பிழைத்ததென்று கூறுதற்கில்லை. பிளாவாட்ஸ் மாலியின் எண்களைக் கூர்ந்து நோக்கியபோது, ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் ஸின்பண்டலின் எண்ணோடு பொருந்தியது. அஃதாவது பிளாவாட்ஸ் மாலி ஸின்பண்டலின் பிள்ளை! மற்றைப் பெற்றோர், ஸ்பிளிட் நகருக்கு எதிரேயுள்ள ஷோல்ட்டாத் தீவின் தொப்ரிச்சிச் என்னும் இனம் என்பதும் பின்னர்த் துணியப்பட்டது. பிள்ளை தல்மாத்தியாவில் இருக்கின்றது. பெற்றோருள் ஒருவரும் தல்மாத்தியாவில் இருக்கின்றார். எனவே மற்றவரும் ஒருகாலத்தில் அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். இன்னும் உயிரோடிருக்கின்றாரா என்பதே கேள்வி.

ஒன்பது கொடிகள்

ஸ்பிளிட் நகருக்கும் ட்ரோகிர் நகருக்கும் இடையே ஒரு விரிகுடா உளது. துருக்கியரின் படையெடுப்புக்கு அஞ்சிய காலத்திலே கட்டப்பட்ட கோட்டைகளைச் சுற்றி எழுந்த ஏழு ஊர்கள் அதன் கரையிலே வரிசையாக அமைந்துள்ளன. இவற்றைச் சேர்த்துக் கஷ்டெலா என்பர். அவற்றுளொன்று கஷ்டெல் நோவி. குரோஷிய அறிஞர்கள் சோர்வின்றித் தேடலைத் தொடர்ந்து, அவ்வூரின் பழைய தோட்டமொன்றிலே வேறினக் கொடிகள் பலவற்றின் நடுவே விரவி நின்ற சில கொடிகளிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினர். 2001-ஆம் ஆண்டின் இறுதியிலே சோதனையின் முடிவு கிடைத்தது. எண்கள் யாவும் பொருந்தின. ஸின்பண்டல் தன் வீட்டிலே அகப்பட்டுவிட்டது.

அத்தோட்டத்திலே அவ்வினத்தின் கொடிகள் ஒன்பதே இருந்தன. ஊரவர் அவற்றைச் சர்லியெனாக் கஷ்டெலான்ஸ்கி என வழங்கினர். கஷ்டெலாவின் சிவப்பு என்பதே அதன் பொருள். ஊரையும் நிறத்தையும் சுட்டும் அப்பெயரன்றி அதன் பழம்பெயர் அவ்விடத்திலே எஞ்சவில்லை. கடலுக்கப்பால் அதே கொடி பல்லாயிரம் ஏக்கரிலே செழித்து நிற்க, பிறந்தகத்திலே ஒரு தோட்டத்து மூலையில் ஒன்பது கொடிகளாய்ச் சுருங்கி நின்ற நிலையை என்னென்பது! தோட்டக்காரர் ஒருநாள் பழங்கொடிகளைக் களைந்து புதியன நடுவோம் என்று எண்ணியிருந்தால் இவ்வொன்பதும் அடுப்புக்கு விறகாகியிருக்கும்.

அடுத்த ஆண்டிலே, ஸ்பிளிட்டுக்குத் தென்கிழக்கேயுள்ள ஒமிஷ் என்னும் இடத்தருகே வேறு சில கொடிகள் கிடைத்தன. அங்கே மக்கள் அதனைப் பிரிபிட்ராக் என்றனர். அறிஞர்களுக்கு இப்பெயர் மிக்க மகிழ்ச்சியை அளித்தது. ஏனெனில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தல்மாத்தியப் பத்திரங்களிலே திரிபிட்ராக் என்றோர் முந்திரிகை குறிப்பிடப்படுகின்றது. பெயர் ஏட்டில் இருந்தது. கொடி எதுவென்று அறிவார் இல்லை. ஒமிஷ் மக்களின் நாவிலே அப்பெயர் சிறிது சிதைந்து வாழ்ந்திருந்தது.

பெயரொற்றுமை மட்டும் சான்றாகாது என்பதை ஆராய்ச்சியாளர் அறிவர். ஸ்பிளிட் நகரிலே பேணப்பட்ட உலர்தாவரத் தொகுதியொன்றில், திரிபிட்ராக் என எழுதி ஒட்டப்பட்ட முந்திரிகை இலை ஒன்று ஏறக்குறைய 90 ஆண்டுகளாகத் தாள்களுக்கிடையே கிடந்தது. அவ்வுலர்ந்த இலையினின்று டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்துச் சோதித்து, 2011-ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். அதுவும் அதே கொடி. யாரோ ஒரு தாவரவியலார் பெயரைப் பிழையின்றி எழுதி வைத்த சிறு செயல், ஐந்நூறாண்டுப் பத்திரத்தையும் இன்றைய கொடியையும் இணைத்துவிட்டது. அயல்நாடாகிய மொன்டெனெக்ரோவிலே கிரத்தோஷியா எனப்படும் பழைய இனமும் இதுவே என்பதும் அறியப்பட்டுள்ளது.

வியன்னாவின் புதிரும் இப்போது விளங்குகின்றது. பல நூற்றாண்டுகள் வெனிஸ் குடியரசின் ஆட்சியிலிருந்த தல்மாத்தியா, பின்னர் ஒஸ்திரியப் பேரரசின் கீழ் வந்தது. ஆளப்பட்ட மாகாணத்தின் கொடி ஆள்வோரின் தலைநகருக்குச் சென்று, அங்கிருந்து கடல் கடந்திருத்தல் இயல்பே.

வீழ்ச்சியும் மீட்சியும்

ஒருகாலத்தில் ஏடுகளிற் பெயர் பெற்ற கொடி இத்துணை அருகியது எதனால்? 19-ஆம் நூற்றாண்டிலே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தற்செயலாகப் புகுந்த பைலொக்சரா என்னும் நுண்பூச்சி, முந்திரிகை வேர்களை உறிஞ்சித் தேசந்தேசமாகத் தோட்டங்களை அழித்தது. அந்நூற்றாண்டின் இறுதியிலே தல்மாத்தியாவும் அதற்கு இரையாயிற்று. குடும்பங்கள் பல வாழ்விழந்து கடல் கடந்து பிழைக்கச் சென்றன. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க முந்திரிகையின் அடிக்கட்டையிலே ஐரோப்பியக் கொடியை ஒட்டுவதே பரிகாரம் எனக் கண்டபின் மீண்டும் நட்டனர். ஆனால் எதனை நடுவது? பழுப்பதிற் சீரின்மையும் மழைக்கு அழுகும் தன்மையும் உடைய பழைய திரிபிட்ராக்கை ஒதுக்கி, வெயிலையும் வறட்சியையும் நன்கு தாங்கும் பிளாவாட்ஸ் மாலியையே விவசாயிகள் விரும்பினர். பெற்ற பிள்ளையே பெற்றோரின் இடத்தைப் பிடித்துக் கொண்டது. விவசாயிகளைக் குறை கூறுவதற்கில்லை. வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவன் விளைவதையே நடுவான். ஒவ்வொருவரும் தத்தமக்கு நியாயமான முடிவையே எடுத்தனர். எல்லோருடைய முடிவும் சேர்ந்தபோது ஓரினம் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

இன்று நிலைமை மாறியுள்ளது. ஒன்பது கொடிகளிலிருந்து துண்டுகள் எடுக்கப்பட்டுக் குரோஷியாவிலே புதிய தோட்டங்கள் எழுந்துள்ளன. டேவிஸுக்கும் துண்டுகள் கொண்டு செல்லப்பட்டன. திரிபிட்ராக் என்னும் பழம்பெயரும் மீண்டும் வழக்கிற்கு வந்துவிட்டது. இவ்வினத்தோடு உறவுடைய கொடிகள் பல தல்மாத்தியாவிலே காணப்படுவது, இஃது அங்கு நெடுங்காலம் வாழ்ந்ததென்பதற்கு மேலுமொரு சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்வரலாற்றைப் படிக்கும் நம் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். நெல்லின் பழைய இனங்களை விதையாக உலர்த்திக் குளிரறையிலே சேமித்தல் இயலும். பேராதனையை அடுத்த கன்னொறுவையிலே அதற்கென ஒரு நிலையம் இருக்கின்றது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லினங்கள் வயலில் அருகினாலும் விதையாகவேனும் பிழைத்திருக்க வழியுண்டு. ஒட்டினாலும் துண்டினாலும் வாழும் மரங்கொடிகளுக்கோ அவ்வழி எளிதன்று. அவை மண்ணிலே உயிரோடு நின்றாக வேண்டும். ஆகவே உங்கள் வளவிலோ பாட்டனார் வளவிலோ நிற்கும் பழமரம் ஒன்றை வெட்டுமுன், அதன் பெயர் யாது, எங்கிருந்து வந்தது, அத்தகைய மரம் வேறெங்கேனும் உண்டா என்று முதியோரை ஒருமுறை கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியிலே குறித்து வையுங்கள்.

கஷ்டெல் நோவியின் ஒன்பது கொடிகளையும் வெட்டாது விட்டவர்கள், உலகப் புகழ் பெற்ற இனமொன்றைக் காக்கின்றோம் என எண்ணியிருக்கமாட்டார்கள். காய்க்கின்றது, நிற்கட்டும் என்றே விட்டிருப்பார்கள். அவ்வளவே போதுமானதாயிற்று.